கோல் வாய் திறந்தாரா?

1903 அக்டோபர் 31, சனிக்கிழமை. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்கு வருகிறார். 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1-ஐக் கழிக்கிறார்: 147573952589676412927. பிறகு பலகையின் இன்னொரு பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்குகிறார். அதே விடை. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துகொள்கிறார். அரங்கம் கைதட்டுகிறது.

எண் கோட்பாட்டுப் புத்தகங்களில் தவறாமல் வரும் கதை. கணக்கில் பழுதில்லை. இந்த எண்ணைப் பகா எண் என்று 1644-இல் பட்டியலிட்டவர் மெர்சென். அது பகு எண்தான் என்று 1876-இல் லூக்கா நிறுவினார். ஆனால் அவருடைய முறை காரணிகளைத் தராது. உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் கோல். எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த மௌனத்தின் மேல்தான்.

முதலில் சங்கத்தின் ‘புல்லட்டின்’ இதழைத் தேடிப் போனேன். கோலின் கட்டுரை பத்தாம் தொகுதியில், 134-ஆம் பக்கத்தில் தொடங்கி நாலே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. (இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். பக்க எண் தற்செயல்தான், ஆனாலும் சிரித்துவிட்டேன்.) வெறும் பெருக்கலைக் காட்டிவிட்டுப் போகிற கட்டுரை அல்ல அது, இருபடி எச்சங்களை வைத்துக் காரணியைத் தேடும் வழியை விளக்குகிறது.

அடுத்து, கைதட்டல். கூட்ட நடப்புகளைப் பதிவு செய்வது சங்கச் செயலாளரின் வேலை. 1896 முதல் 1920 வரை அந்தச் செயலாளர் யார்? கோலேதான். புல்லட்டினின் ஆசிரியரும் அவரே. தனக்குக் கிடைத்த கைதட்டலைத் தானே எழுதி வைப்பாரா?

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? எரிக் டெம்பிள் பெல் 1951-இல் வெளியிட்ட நூலிலிருந்து. பதிவுகளிலேயே சங்கத்தில் இப்படிக் கைதட்டல் வாங்கிய கட்டுரை இது ஒன்றுதான் என்கிறார் அவர். எந்தப் பதிவு என்று சொல்லவில்லை. 1903-இல் பெல்லுக்கு இருபது வயது. கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டில் மாணவர். நியூயார்க் நாட்டின் மறுகோடி.

அவர் சொல்லும் இன்னொரு செய்திக்கு வலு அதிகம். காரணிகளைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று 1911-இல் கோலிடமே கேட்டாராம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பெல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 1912-இல். கோல் அங்கேதான் பேராசிரியர். எனவே கேட்டிருக்க முடியும். ஆனால் தன் சிறுவயதின் பெரும்பகுதியை, சான் ஹோசேயில் கழித்த ஆண்டுகளை, குடும்பத்தாரிடமே மறைத்தவர் பெல் என்று கான்ஸ்டன்ஸ் ரீட் 1993-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு காட்டுகிறது. சாட்சி கொஞ்சம் கதைக்காரர்.

அந்தப் பெருக்கலை ஒரு சொற்பொழிவு நேரத்துக்குள் முடிக்க முடியுமா? தாளில் போட்டுப் பார்த்தேன். 193707721-இல் ஏழு மூன்று முறை வருகிறது. ஒன்றுக்கு அப்படியே எழுதினால் போதும், சைபருக்கு வரியே இல்லை. 9, 3, 7, 2 ஆகிய நாலு இலக்கங்களுக்கு மட்டும் பெருக்கினால் எல்லா வரிகளும் வந்துவிடுகின்றன. பிழைவிடாத கை இருந்தால் தாராளமாக முடியும்.

ஆக, நடந்திருக்கலாம். நடந்தது என்று எழுத, அன்று அந்த அறையில் இருந்த யாராவது ஒருவரின் கடிதமோ நாட்குறிப்போ வேண்டும். இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.