தாயின் குற்றமன்று

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறும் ஒரு கர்ப்பிணியை எண்ணிப் பாருங்கள். "வெறும் வயிற்றோடு வா" என்றால் அவள் என்ன பாடுபடுவாள்! இத்தகைய சங்கடமே ஒரு மருத்துவச் சோதனையை மாற்றியமைத்தது.

1921-இல் டொரான்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்படும் வரை, நீரிழிவுள்ள பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு உயிராபத்தாகவே இருந்தது. கர்ப்ப காலத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவை அளக்க, பாஸ்டனில் 752 கர்ப்பிணிகளைச் சோதித்து, 1964-இல் ஓசல்லிவனும் மகானும் அளவுகோல் வகுத்தனர்.

இந்நோய் ஏன் வருகிறது? நஞ்சு சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட வேண்டும். இயலாதபோது இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. பிள்ளை பிறந்து நஞ்சும் வெளியேறியபின், பெரும்பாலோருக்கு அது தணிகிறது. ஆகவே, "வளைகாப்பில் இனிப்புத் தின்றதால் வந்தது" என்று தாயைப் பழிப்பது அறிவியலன்று.

சென்னை மருத்துவர் வீ. சேஷையா, உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்துச் சோதிக்கும் எளிய முறையைப் பரப்பினார். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிகிச்சை தேவை. 2007-இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனையை விரிவாக்கியது. அவர் பிறந்த மார்ச் 10, இந்நோய் விழிப்புணர்வு நாளாயிற்று.

பின் 2020 வந்தது. மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. தமிழகத்தின் முதல் கொரோனா மரணமும் அன்றே மதுரையில் நிகழ்ந்தது. ஜூன் 24 முதல் மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று என்ற அச்சம். போகாவிட்டால் பிள்ளைக்கு என்னாகுமோ என்ற அச்சம். தாய்வீடு செல்லவும் இ-பாஸ் வேண்டும். இரு தீயிடைப்பட்ட எறும்பின் நிலை!

அந்நாளில் துணைநின்றவை எளியவையே. தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைக்கு மத்திய அரசு அதே மார்ச் 25-இல் நெறிமுறை வெளியிட்டது. குளுக்கோமீட்டர் இருந்தவர்கள் வீட்டிலேயே அளந்தனர். உண்டபின் மொட்டை மாடியில் நடந்தால்கூடத் தசைகள் சர்க்கரையை ஏற்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். குளுக்கோமீட்டர் காட்டும் எண் தேர்வு மதிப்பெண் அன்று. வெப்பமானி காட்டும் அளவைப்போல, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லும் குறிப்பே அது. கூடினால் அழ வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேறுகாலத்துக்கு 6 வாரங்களுக்குப் பின் மறுசோதனையும் தேவை. பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம்.

உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ இந்நிலையில் இருந்தால், "என்ன தின்றாய்?" என்று கேளாதீர்கள். "வாருங்கள், சற்று நடந்துவிட்டு வருவோம்" என்று அழையுங்கள்.