குழந்தை இறந்து பிறத்தல்: அறிந்துகொள்ள வேண்டியவை

கருவுற்று 28 வாரங்கள் நிறைவடைந்த பின்னர், உயிர்க்குறிகள் எவையுமின்றிக் குழந்தை பிறப்பதை ‘இறந்து பிறத்தல்’ என்கிறோம். இது அரிதான நிகழ்வன்று, தாயின் குற்றமுமன்று.

எந்த அளவிற்கு நிகழ்கிறது?

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 இலட்சம் குழந்தைகள் இறந்து பிறக்கின்றன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,000 பிறப்புகளில் ஏறத்தாழ 14 குழந்தைகள் இறந்து பிறந்தன. அதாவது, சுமார் 70 பிறப்புகளுக்கு ஒன்று. இருப்பினும் இதனைப் பற்றிக் குடும்பங்கள் வெளியில் பேசுவதில்லை. அதனால், தமக்கு மட்டுமே இவ்வாறு நேர்ந்ததாக ஒவ்வொரு தாயும் எண்ணுகிறார்.

காரணங்கள்

- நஞ்சுக்கொடி சரிவர இயங்காமை அல்லது முன்னதாகவே பிரிதல்
- உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்
- சிபிலிஸ், மலேரியா போன்ற தொற்றுகள்
- கருவின் வளர்ச்சிக் குறைவு, பிறவிக் குறைபாடுகள்
- பிரசவத்தின்போது ஏற்படும் சிக்கல்கள்

சில நேரங்களில் காரணம் புலப்படாமலும் போகலாம். கிரகணத்தின்போது வெளியே சென்றதாலோ, வீட்டு வேலை செய்ததாலோ, கண்ணேறு பட்டதாலோ குழந்தை இறப்பதில்லை.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

- குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் அல்லது நின்றுவிடுதல்
- இரத்தப்போக்கு, பனிக்குட நீர் வெளியேறுதல்
- கடும் தலைவலி, பார்வை மங்குதல், முகம் வீங்குதல்
- காய்ச்சல், கடும் வயிற்று வலி

பிரசவம் நெருங்கும்போது அசைவு குறைவது இயல்பே என்பது தவறான கருத்து. காலைவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். தேவைப்படின் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். 28 வாரங்களுக்குப் பின்னர் மல்லாந்து உறங்காமல் ஒருக்களித்து உறங்குவது நல்லது.

இழப்பிற்குப் பின்னர்

குழந்தையைக் காணவும் கையில் ஏந்தவும் பெற்றோர் விரும்பினால் மருத்துவக் குழுவினரிடம் தெரிவிக்கலாம். விரும்பாவிடில் வற்புறுத்தக் கூடாது. நஞ்சுக்கொடிப் பரிசோதனையும் உடற்கூறாய்வும் காரணத்தைக் கண்டறிய உதவலாம்; அவை அடுத்த கருத்தரிப்பைத் திட்டமிடவும் பயன்படும். சில நாள்களில் தாய்க்குப் பால் சுரக்கலாம். மார்பில் வலியோ காய்ச்சலோ இருப்பின் மருத்துவரை அணுகவும்.

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், ‘குழந்தை’ என்னும் சொல்லில் இறந்து பிறந்த குழந்தையையும் உள்ளடக்கியிருந்தது. பணியிலுள்ள தாய்மார்கள் மகப்பேறு விடுப்புக் குறித்துத் தங்கள் அலுவலகத்தில் கேட்டறியலாம். இறந்து பிறந்த குழந்தையின் பிறப்பையும் பதிவு செய்தல் வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

“அடுத்த குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று கூறுவதைத் தவிர்க்கவும். தாய் பேச முற்பட்டால் செவிமடுக்கவும். தந்தையின் துயரத்தையும் மறவாதீர்கள். உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, நீங்காத குற்றவுணர்வு ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ உடனே மருத்துவ உதவி பெறவும்.

இவ்விழப்பிற்குப் பின்னர் பெரும்பாலான பெண்கள் நலமுடன் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுக்கின்றனர். அடுத்த முறை கருவுற்றவுடன், முந்தைய இழப்பை மருத்துவரிடம் முதல் பரிசோதனையிலேயே தெரிவிப்பது இன்றியமையாதது.