தறியும் ஒரு கரும்பலகை



டத்தோ கிராமாட் வட்டாரத்தில் வீட்டுக் கொடிகளில் காயும் கட்டம் போட்ட கைலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் அதைக் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். பெலிக்காட் வேறொன்றுமில்லை, சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடுதான். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கப்பலேற்றி இந்தப் பக்கத்துத் தீவுகளுக்குக் கொண்டுவந்து, வாசனைப் பொருள்களுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஊர்ப்பெயர் துணிப்பெயராகி நம் வாசல் வரை வந்துவிட்டது!

இப்பேர்ப்பட்ட நெசவைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து, அதன் வழியாகவே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர முயன்ற வரலாறு ஒன்று உண்டு. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் காந்தியடிகள் ஒரு கல்வி மாநாடு கூட்டினார். ஏட்டைப் பார்த்து ஒப்பிக்கும் படிப்பு போதாது, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்றார். பாடத்திட்டம் தீட்ட டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. அதில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரரான ஆரியநாயகம். தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றிய இவர், பின்பு மனைவி ஆஷாதேவியோடு சேவாகிராமத்தில் தங்கி இந்தக் கல்விக்கே உழைத்தார். தமிழ்நாட்டில் இதற்கு 'ஆதாரக் கல்வி' என்று பெயர். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமம், சுற்றுவட்டாரக் கிராம மக்களோடு சேர்ந்து இக்கல்வியை வளர்த்தது.

குழு வகுத்த நேர அட்டவணையைப் பாருங்கள். பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழில்! "அப்படின்னா படிப்பு எப்போ?" என்று நீங்கள் கேட்கலாம். தொழிலுக்குள்ளேயே படிப்பு இருந்தது.

பிள்ளை தக்ளியில் பஞ்சை நூலாக்குகிறான். 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு 40 சிட்டம் வந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். அப்படியானால் ஒரு ராத்தலில் எத்தனை கெஜம்? 33,600 கெஜம். வாய்ப்பாடு கையில் சுற்றிக்கொண்டு வருகிறது. பருத்தி எந்த மண்ணில் விளையும் என்றால் பூகோளம். சாயம் ஏன் நூலில் ஒட்டுகிறது என்றால் விஞ்ஞானம்.

கைலிக் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் போவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. சிவப்பு 12 இழை, வெள்ளை 8, நீலம் 4 என்று பாவைக் கோத்தால் ஒரு சுற்றுக்கு 24 இழை. 240 இழைப் பாவில் பத்துச் சுற்று. ஊட்டையும் அதே வரிசையில் ஓட்டினால் கோடு கட்டமாகிவிடும். முதலில் கட்டத் தாளில் வண்ணம் தீட்டி, பிறகு தறியில் கோக்க வேண்டும். ஓர் இழை தப்பினால் வாத்தியார் திட்ட வேண்டியதில்லை, துணியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் வாசகர்களே, இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. பிள்ளைகள் செய்த பொருளை விற்றே ஆசிரியர் சம்பளம் கொடுக்கலாம் என்று காந்தியடிகள் எண்ணினார். பள்ளிக்கூடம் பட்டறையாகிவிடுமே என்று பலர் பயந்தார்கள். வருமானத்தைப் பார்த்துப் பிள்ளைகளிடம் வேலை வாங்குவதில் ஆசிரியர்கள் இறங்கிவிடக் கூடாது என்று ஜாகிர் உசேன் குழுவே எச்சரித்தது.

இன்னொரு ஆபத்து 1953-இல் வந்தது. சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமப் பள்ளிகளில் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கொதித்தெழுந்தார்கள். 1954-இல் இராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இரண்டும் தொழிற்கல்விதானே, ஏன் இந்த வேறுபாடு? ஆதாரக் கல்வியில் எந்த வீட்டுப் பிள்ளையும் தறியில் உட்காரலாம். அது அறிவுக்கு வாசல். மற்றதிலோ நெசவாளி மகன் நெசவாளியாகவே, வண்ணார் மகன் வண்ணாராகவே நின்றுவிடும் அபாயம். அது வேலி.

தோட்டப் பள்ளி ஆசிரியன் எனக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரிகிறது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பத்துப் பிள்ளைகள் இருந்த தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று ஏற்பட்டது. வைத்தார்கள், பல இடங்களில் கங்காணியும் கிராணியுமே வாத்தியார்கள். பிள்ளை கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்ததும் அப்பாவின் பின்னால் பால்மரக் காட்டுக்குப் போனான். நம்ம சனங்க அனுபவித்த எழுதப்படாத குலக்கல்வி அது!

ஆகவே கைவேலை என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பயந்து தறியையே ஒதுக்கிவிட வேண்டாம். ஓர் அட்டைத் துண்டில் வெட்டுப் போட்டு நூல் கட்டினாலே சிறு தறி தயார். டாக்டராகப் போகிறவனும் தையற்காரியாகப் போகிறவளும் அதில் ஒன்றாக உட்காரட்டும். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, உங்கள் கை எதையும் பழகட்டும். எந்தத் தொழில் என்பதை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள்.

வாழ்க தமிழ்க் கல்வி!