69 ஆண்டுகளா, 109 ஆண்டுகளா?

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நோர்த் யோர்க்கில் ஜேன் வீதியோரம் இருக்கும் ஓக்டேல் கோல்ஃப் கழகத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. கனேடியன் ஓப்பன் சுற்றுப்போட்டியின் கடைசி நாள். நான்கு நாட்கள் ஆடி முடித்தும் இரண்டு பேர் சமநிலையில் நின்றார்கள்: இங்கிலாந்தின் ரொமி ஃபிளீற்வூட், கனடாவின் நிக் ரெய்லர். மேலதிகமாக மூன்று குழிகள் ஆடியும் முடிவு வரவில்லை. நான்காவது மேலதிகக் குழியில், 72 அடிக்கும் சற்றுக் கூடுதலான தொலைவிலிருந்து ரெய்லர் பந்தை உருட்டிவிட்டார். நாங்கள் ஏறிப்போகும் நகரப் பேருந்து 40 அடி நீளம். கிட்டத்தட்ட இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் தூரம் அது. பந்து உருண்டு உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. ரெய்லர் மட்டையை வானத்துக்கு எறிந்துவிட்டுத் தன் பையைச் சுமப்பவரின் கைகளுக்குள் பாய்ந்தார்.

எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. வாடிக்கையாளர் நிறுவனங்கள் கோடையில் வைக்கும் கோல்ஃப் நாட்களில், மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போய்ச்சேருகிற ஆள் நான். ஆட்டத்தைப் பின்தொடர்வது மூத்தவன். ஸ்காபரோவில் பேர்ச்மவுண்ட் வீதியில் நகரசபை நடத்தும் ரம் ஓ ஷான்ரர் மைதானத்தில் பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு சேர்ந்து, இரவல் மட்டைகளோடு பழகிக்கொண்டவன். அடுத்தநாள் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னிடம் கேட்டான்: "அப்பா, ஓரிடத்தில 69 வருசத்துக்குப் பிறகு எண்டு கிடக்கு, இன்னொரு இடத்தில 109 எண்டு கிடக்கு. எது சரி?"

இரண்டும் சரிதான். கனேடியர் ஒருவர் இந்தக் கிண்ணத்தை வென்று 69 ஆண்டுகள். கனடாவில் பிறந்த ஒருவர் வென்று 109 ஆண்டுகள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே 40 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் நிற்பவர் ஒரே ஒரு மனிதர், பற் ஃபிளெச்சர்.

முதலில் ரெய்லரைப் பற்றிக் கொஞ்சம். 1988இல் வினிபெக்கில் பிறந்தவர். வளர்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் அபட்ஸ்ஃபோர்ட்டில். பழப்பண்ணைகளும் பஞ்சாபிக் குடும்பங்களும் நிறைந்த ஊர் அது; 1911இல் திறந்த குருத்துவாரா இன்னும் அங்கே நிற்கிறது. அந்த ஊரின் லெட்ஜ்வியூ மைதானத்தில்தான் ரெய்லர் ஆடப் பழகினார். 2007இல் கனேடிய அமெச்சூர் பட்டம். 2009இல் உலக அமெச்சூர் தரவரிசையில் முதலிடம். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் அமெச்சூர்களில் முன்னணியில் வந்தார். 2010இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். இப்படி ஏறிவருகிற பெடியன்கள் பலர் அதற்குப் பிறகு காணாமல் போய்விடுவார்கள். இவரும் அந்த வழியில் போகிறார் போலத்தான் இருந்தது. 2014 இறுதியில் மிசிசிப்பியில் ஒரு பி.ஜி.ஏ. வெற்றி கிடைத்தது. பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுமில்லை. 2020 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில், கடைசி நாளில் ஃபில் மிக்கல்சனுக்குப் பக்கத்தில் நடந்து ஆடி, முதல் நாளிலிருந்து விடாமல் வைத்திருந்த முன்னிலையைக் காத்து வென்றார். மீண்டும் மூன்று ஆண்டு வறட்சி.

ஓக்டேலிலும் தொடக்கம் மோசம். முதல்நாள் 75 அடிகள். இரண்டாம் நாள் கெட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போயிருப்பார். 67 அடித்துத் தப்பினார். சனிக்கிழமை 63, ஞாயிறு 66. கூட்டினால் 271.

அந்தக் கிழமை ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு வேறொன்றும் ஞாபகம் இருக்கும். காட்டுத்தீயின் புகை நகரத்துக்கு மேல் மஞ்சளாகக் கவிந்து நின்ற கிழமை அது. செவ்வாய்க்கிழமை, பி.ஜி.ஏ. அமைப்பு அதுவரை தூற்றிவந்த சவூதி முதலீட்டு நிதியத்தோடு கைகோர்க்கப் போகிறதென்ற செய்தி வெளிவந்து, ஆட்டக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். ஞாயிறு பின்னேரம் அந்த ஒரு பந்து விழுந்ததோடு அதையெல்லாம் இங்கே யாரும் கதைக்கவில்லை.

இனி 109க்கு வருவோம். 1914இல் வென்றவர் கார்ல் கெஃபர். ஒன்ராறியோவின் ரொற்றனம் என்ற சிற்றூரில் பிறந்தவர். ரொறன்ரோ கோல்ஃப் கழகத்தில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜோர்ஜ் கம்மிங்கிடம் தொழில் பழகியவர். கனேடியன் ஓப்பன் 1904இல் தொடங்கியது. ஆரம்பகால வெற்றியாளர்கள் அநேகமாக எல்லோருமே பிரித்தானியத் தீவுகளில் பிறந்தவர்கள். கம்மிங் 1905இல் வென்றார். நொட்டிங்ஹாமில் பிறந்து சிறுவயதில் கனடாவுக்கு வந்த அல்பேர்ட் மறே 1908இலும் 1913இலும் வென்றார். இந்த வரிசைக்குள் உள்ளூர்ப் பிறப்பாக 1909இலும் 1914இலும் புகுந்தவர் கெஃபர். இரண்டு முறையும் போட்டி நடந்தது ரொறன்ரோ கோல்ஃப் கழகத்தில்தான்.

அந்தக் கழகம் இப்போது மிசிசாகாப் பக்கம் இருக்கிறது. 1909இல் அது நகரத்தின் கிழக்கே, கொக்ஸ்வெல், ஜெராட் வீதிகளை ஒட்டிய பகுதியில் இருந்தது. அங்கே கோல்ஃப்வியூ அவெனியு என்றொரு தெரு இன்னும் உண்டு. மைதானம் மட்டும் இல்லை. சற்று மேற்கே நடந்தால் ஜெராட் இந்தியக் கடைத்தெரு. 1972இல் நாஸ் திரையரங்கு திறந்ததைத் தொடர்ந்து வளர்ந்த தெரு. ஸ்காபரோவில் எங்கள் கடைகள் பெருகுவதற்கு முன்னர் சேலைக்கும் சாமானுக்கும் அங்கே போய்வந்த பழைய ஆட்கள், கெஃபர் கிண்ணம் வென்ற நிலத்துக்குப் பக்கத்தில்தான் காரை நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள்.

கெஃபரைக் 'கனடாவில் பிறந்தவர்' என்று சொல்லலாம். 'கனேடியக் குடிமகன்' என்று சட்டப்படி சொல்ல முடியாது. 1914இல் அப்படியொன்று இருக்கவில்லை. கனேடியக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1947 ஜனவரி 1ஆம் திகதி. இரண்டு நாள் கழித்து ஒட்டாவாவில் நடந்த விழாவில் முதலாவது குடியுரிமைப் பத்திரத்தைப் பெற்றவர் அன்றைய பிரதமர் மக்கென்சி கிங். அதற்கு முன்னர் எல்லோரும் பிரித்தானியப் பிரஜைகள். ரொற்றனத்தில் பிறந்த கெஃபரும் அதுதான், நொட்டிங்ஹாமில் பிறந்த மறேயும் அதுதான். சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்று.

அதே 1914 மே 23ஆம் திகதி வன்கூவர் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து நின்றது. கொமகாட்டா மாரு. உள்ளே 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். அவர்களும் பிரித்தானியப் பிரஜைகள். புறப்பட்ட நாட்டிலிருந்து எங்கும் இறங்கி ஏறாமல் நேரே வரவேண்டும் என்று 1908இல் போட்டுவைத்த விதியைக் காட்டி, இரண்டு மாதம் கடலிலேயே வைத்திருந்து, மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கெஃபரின் கிண்ணத்துக்கும் இந்தக் கப்பலுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. 109 என்ற எண்ணைக் கேட்டபோது 1914 என்று மனக்கணக்குப் போட்டேன்; 1914 என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கப்பல்தான். அதனால் சொல்கிறேன்.

69க்குரியவர் பற் ஃபிளெச்சர். 1916இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிளாக்ரன் என்ற கடலோர ஊரில் பிறந்தார். சின்னப்பிள்ளையாகக் கனடா வந்தார். மேற்குக் கரையில் வளர்ந்து, கோல்ஃப் பழகி, கழகங்களில் வேலைபார்த்தார். அந்தக் காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் தனி விமானத்தில் பறப்பவர் அல்லர். கழகத்தின் கடையில் பந்து விற்பவர், அங்கத்தவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர், மட்டை திருத்துபவர். ஃபிளெச்சர் சஸ்கற்றூனில் அந்த வேலையில் இருந்தார். 1952இல் கனேடிய தொழில்முறை ஆட்டக்காரர் பட்டத்தை வென்றிருந்தார். 1954இல் வன்கூவரின் பொயின்ற் கிரே மைதானத்தில் கனேடியன் ஓப்பனையும் வென்றுவிட்டு மறுபடி வேலைக்குப் போனார். 1956இல் றோயல் மொன்றியல் கழகத்துக்கு மாறி, 1975 வரை அங்கேயே இருந்தார்.

அவர் வென்றதற்கு அடுத்த ஆண்டு, ரொறன்ரோ வெஸ்ரன் மைதானத்தில் ஓர் இளைஞர் தன் முதலாவது தொழில்முறை வெற்றியைப் பெற்றார். பெயர் ஆர்னல்ட் பாமர். அதோடு காலம் மாறிவிட்டது. தொலைக்காட்சி வந்தது, பணம் வந்தது, அமெரிக்கர்கள் வந்தார்கள். லீ ட்ரெவினோ மூன்று தடவை வென்றார். ஓக்வில்லில் கிளென் அபே மைதானத்தை வடிவமைத்த ஜக் நிக்லஸ் ஏழு தடவை இரண்டாமிடத்தில் வந்து ஒருமுறைகூட வெல்லவில்லை. கழகக் கடையில் பந்து விற்கும் ஒருவர் இந்தப் போட்டியை வெல்வது ஃபிளெச்சரோடு முடிந்துபோன கதை. கனேடியர்களின் 69 ஆண்டு வறட்சிக்குக் குளிர்காலத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வறட்சி முடிகிறது என்று நாடு நம்பிய ஒரு நாள் உண்டு. 2004 செப்ரெம்பர், கிளென் அபே. அதற்கு முந்திய ஆண்டு மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றிருந்த மைக் வியர், கடைசி நாளில் மூன்று அடிகள் முன்னிலையில் இருந்தார். அப்போது நான் இங்கே முதுகலை படிக்கும் மாணவன். விடுதியின் தொலைக்காட்சி அறையில் நிற்க இடமில்லை. முன்னிலை கரைந்து, சமநிலையாகி, மூன்றாவது மேலதிகக் குழியில் வியரின் பந்து தண்ணீருக்குள் போனது. வென்றவர் விஜய் சிங். அந்தக் கிழமைதான் உலக முதலிடத்துக்கு வந்திருந்தவர். அறை அடங்கிப்போனது. பக்கத்தில் இருந்த கனேடியப் பெடியன் ஒருவன் என் தோளில் தட்டி, "உங்கட ஆள் வென்றிட்டார்" என்ற கருத்தில் வாழ்த்துச் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். விஜய் சிங் பிஜித் தீவில் பிறந்தவர், இந்திய வம்சாவளி. நான் யாழ்ப்பாணம். எனக்கும் அவருக்கும் இடையில் இரண்டு சமுத்திரங்கள். இருந்தும் நான் மறுத்துச் சொல்லவில்லை. இன்னும் உண்மையாகச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓக்டேல் கழகத்தின் கதையையும் சொல்லவேண்டும். அது 1926இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் யூதர்கள். அன்றைய ரொறன்ரோவின் கோல்ஃப் கழகங்கள் யூதர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே நகரத்துக்கு வெளியே நிலம் வாங்கி, ஸ்ரான்லி தொம்சனைக் கொண்டு தங்களுக்கென்று ஒரு மைதானம் அமைத்துக்கொண்டார்கள். அதற்கு ஏழு ஆண்டு கழித்துத்தான், 1933 ஓகஸ்டில், கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவில் பேஸ்போல் ஆட்டம் ஒன்றுக்குப் பிறகு நாஜிச் சின்னத்தை விரித்துக்காட்டியதால் யூத இளைஞர்களோடு பெருங்கலவரம் மூண்டது. நகரத்தின் சூழல் அப்படி இருந்தது. கனேடியன் ஓப்பன் முதன்முதலாக ஓக்டேலுக்கு வந்தது 2023இல். சேர்க்கப்படாதவர்களின் மைதானத்தில்தான் அந்த 69 ஆண்டுக் கணக்குத் தீர்ந்தது. இன்று அதன் அங்கத்துவம் எங்களில் எத்தனை பேருக்குக் கட்டுபடியாகும் என்பது வேறு கதை. கழகத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் ஜேன்–ஃபிஞ்ச் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

அன்றைய வெற்றியில் ஒரு கோமாளிக் காட்சியும் உண்டு. ரெய்லரின் பந்து விழுந்ததும், அவரைப் போலவே அபட்ஸ்ஃபோர்ட்டில் வளர்ந்து அதே லெட்ஜ்வியூவில் ஆடிய அடம் ஹட்வின் ஷம்பெய்ன் போத்தலோடு புல்தரைக்குள் ஓடினார். அவரும் அந்தப் போட்டியில் ஆடிய தொழில்முறை வீரர்தான். பாதுகாவலர் ஒருவர் அவரை அத்துமீறி நுழைந்தவர் என்று நினைத்துப் பாய்ந்து விழுத்திவிட்டார். காணொளி உலகமெல்லாம் சுற்றியது. மூத்தவனும் சின்னவளும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்கள்.

மூத்தவன் கொழும்பில் பிறந்தவன். படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பிக் கொழும்பில் வேலைபார்த்த காலம் அது. மறுபடி கனடா வந்தபோது அவனுக்கு மூன்று வயது. சின்னவள் பிறந்தது ஸ்காபரோவில். அதாவது, மூத்தவன் என்றைக்காவது இந்தக் கிண்ணத்தை வென்றால் ஒரு கணக்கில்தான் வருவான், சின்னவள் வென்றால் இரண்டிலும் வருவாள். நான் இதை விளக்கியபோது அவன் அதிகம் யோசிக்கவில்லை. "அப்ப நான் ஃபிளெச்சர்" என்றுவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் 109 என்ற எண் உறுத்தியது. அது பொய்யில்லை. ஆனால் 69 ஆண்டு என்பதே போதிய அளவு நீளமான வறட்சி. நூறைத் தாண்டிய எண்ணில் இருக்கிற கவர்ச்சிக்காக, இங்கே வளர்ந்து, இங்கே வாழ்ந்து, இங்கேயே கற்பித்த ஒரு மனிதரை ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணவேண்டியிருக்கிறது.

2024இல் கனேடியன் ஓப்பன் தன் இலச்சினையிலேயே ரெய்லர் கொண்டாடும் நிழலுருவத்தைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு பெப்ரவரியில் அவர் ஃபீனிக்ஸிலும் வென்றார். கோடையில் பரிஸ் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஆடினார். செப்ரெம்பரில் பிரசிடென்ற்ஸ் கிண்ணம், அமெரிக்காவுக்கு எதிராக ஐரோப்பா தவிர்ந்த மற்ற நாடுகளின் அணி மோதும் போட்டி, கனடாவில் நடந்தது. இடம் றோயல் மொன்றியல், ஃபிளெச்சர் ஏறக்குறைய இருபது ஆண்டு வேலைபார்த்த கழகம். சர்வதேச அணியின் தலைவர் மைக் வியர். அவர் தன் தெரிவில் மூன்று கனேடியர்களைச் சேர்த்தார். ரெய்லரைச் சேர்க்கவில்லை. ஆட்டத்தின் அண்மைக்காலத் தரம் என்று பார்த்தால் வியரைக் குறைசொல்ல முடியாது. அந்தக் கோடையில் ரெய்லர் நன்றாக ஆடவில்லை. ஆனாலும் இலச்சினையில் இருக்கிற ஆள் அணியில் இல்லை. அமெரிக்கா 18.5க்கு 11.5 என்று வென்றது.

நான்கு மாதம் கழித்து, 2025 ஜனவரியில், ஹவாயில் நடந்த சோனி ஓப்பனின் கடைசிக் குழியில் புல்தரைக்கு வெளியே நின்று ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் விழுத்தி ரெய்லர் சமநிலைக்கு வந்தார். இரண்டாவது மேலதிகக் குழியில் வென்றார். ரொறன்ரோவில் அப்போது நல்ல பனி. ரம் ஓ ஷான்ரர் வசந்தம் வரும்வரை மூடியிருந்தது.