ஊருக்குத் தெரியாமல் பேச ஒரு காது

போன மாசம் அறுவடை பார்க்க வந்திருந்த சென்னை நண்பர் ஒருத்தர், களத்துமேட்டுல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே சொன்னார்: "உங்களுக்கெல்லாம் என்னங்க கவலை? மனசு சரியில்லைன்னா பக்கத்து வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்துடலாம். நாங்கதான் முகம் தெரியாத யாருக்கோ போன் போட்டுப் பேச வேண்டியிருக்கு."

நான் சிரிச்சு வச்சேன். நானும் அப்படி முகம் தெரியாத ஒருத்தருக்குப் போன் போட்டவன்தான்னு அவர்கிட்ட சொல்லலை. இங்கே சொல்லிடறேன். அந்த மாதிரி போன் எங்கே கிளம்பி எங்க கடைமடை வரைக்கும் வந்துச்சுன்னு தேடிப் படிச்சதையும் சேர்த்து எழுதறேன்.

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. 1935-ல் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு சின்னப் பெண்ணின் அடக்கத்தை நடத்தி வைத்தார். வயதுக்கு வந்ததை ஏதோ தகாத நோய் என்று நினைத்துப் பயந்து உயிரை விட்டவள் அவள். விசாரிக்க அவளுக்கு ஓர் ஆள் இல்லை. அது அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. 18 வருஷம் கழித்து, 1953 நவம்பர் 2-ம் தேதி, லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாக நினைப்பவர்கள் யாராயிருந்தாலும் கூப்பிடலாம் என்று அறிவித்தார். தற்கொலை முயற்சி அங்கே அப்போது குற்றம். 1961-ல்தான் அந்தச் சட்டம் மாறியது. அதனால் வாயைத் திறக்கவே ஜனங்களுக்குப் பயம்.

போன் செய்தவர்கள் போக, நேரில் வந்தும் காத்திருந்தார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்தார்கள். அங்கேதான் அவர் ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவரிடம் மனசு விட்டுப் பேசியவர்களில் பல பேர், பாதிரியாரைப் பார்க்காமலே எழுந்து வீட்டுக்குப் போனார்கள்! புத்திமதியைவிடக் காது கொடுத்ததே வேலை செய்திருக்கிறது. 1954 பிப்ரவரியில் போனைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு வளர்ந்தது இப்படித்தான்.

நம்ம சென்னைக்கு இது 1986-ல் வந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'. அங்கேயும் கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான்.

சரி, 1986-ல எங்க ஊர்ல போன் எங்கே இருந்துச்சு? தபால் ஆபீஸ்ல ஒண்ணு, மிராசுதார் வீட்ல ஒண்ணு. மெட்ராஸுக்குப் பேசணும்னா ட்ரங்க் கால் போட்டுட்டுக் காத்துக் கெடக்கணும். கிடைச்சதும் கத்துற கத்துல தெருவே கேட்கும். அப்புறம் எஸ்.டி.டி. பூத் வந்துச்சு. கண்ணாடிக் கதவு போட்டிருந்தாலும் பூத்காரர் நமக்கு மாமன் முறை. எந்த ஊருக்கு, எத்தனை நிமிஷம், கண்ணைத் தொடச்சுக்கிட்டு வந்தானா, எல்லாம் சாயங்காலம் டீக்கடைக்கு வந்துடும்.

நண்பருக்குப் புரியாதது இதுதான். திண்ணை இருக்கு, இல்லைங்கலை. ஆனா திண்ணையில சொன்னது திண்ணையிலேயே நிக்காது. கடன் கழுத்தை நெரிக்குதுன்னு இன்னிக்குச் சொன்னா, நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் காதுல விழும். உரக்கடையில பாக்கி நின்னுடும். எல்லாரும் தெரிஞ்சவங்களா இருக்கிற எடத்துல சிலதை யார்கிட்டயும் சொல்ல முடியாது.

2016-ல மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 20-ம் தேதி. அதை நம்பி விதை விட்டோம். வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ம் தேதி எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்தப் பொங்கலுக்கு எங்க வீட்ல பானை வச்சோம், அரிசி மட்டும் கடையில வாங்கினது. சம்பா கருகி மாட்டுக்குப் போயிடுச்சு. நகை அடகுல. அக்கம்பக்கத்துல விவசாயிங்க செத்த சேதி பேப்பர்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சேதிக்குக் கீழேயே சின்னக் கட்டத்துல உதவி எண் போட்டிருப்பாங்க. ஒரு நாள் அதைக் கிழிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். ஏன்னு கேட்காதீங்க.

ஒரு நாள் ராத்திரி மோட்டார் கொட்டகையில இருந்து அடிச்சேன். முதல் தடவை யாரும் எடுக்கலை. 'சரி, இதுவும் அவ்வளவுதான்'னு தோணுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அடிச்சேன். ஒரு அம்மா எடுத்தாங்க. எனக்குப் பேச்சே வரலை. "அவசரமில்லைங்கய்யா, நான் இருக்கேன்"னாங்க. போலீஸ் கீலீஸ் வருமான்னுதான் முதல்ல கேட்டேன். வராதுன்னாங்க.

மழை, கடன், பொண்ணு படிப்பு, எல்லாம் கொட்டினேன். "எல்லாம் சரியாப் போயிடும்"னு அவங்க ஒரு தடவைகூடச் சொல்லலை. நேராக் கேட்டாங்க: "செத்துடலாம்னு தோணுதாங்கய்யா?" அதுவரைக்கும் அந்தக் கேள்வியை என்கிட்ட யாரும் கேட்டதில்லை. "ஆமா"ன்னு சொன்னேன். சொன்னதும் நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. வீட்ல பூச்சிமருந்து இருக்கா, வேற யார்கிட்டயாவது கொடுத்து வைக்க முடியுமான்னு கேட்டாங்க. விடிஞ்சதும் வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பேசலை. மருந்தையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய்ப் பங்காளி வீட்ல வச்சுட்டு வந்தா.

கடன் அப்படியேதான் இருந்துச்சு. தீர நாலு வருஷம் ஆச்சு. ஆனா அந்த ராத்திரி கழிஞ்சுது.

அந்தம்மா ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு பிற்பாடு படிச்சப்பத்தான் புரிஞ்சுது. அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்குமாம். அதுக்குள்ள கைக்கு எட்டாமப் பண்ணிட்டா உசிரு தப்பும். காட்டுமன்னார்கோயில் பக்கம் ரெண்டு கிராமத்துல சிநேகாக்காரங்க இதுக்குன்னே பொதுக் கிட்டங்கி கட்டி, விவசாயிகளுக்குப் பூட்டோட பெட்டி கொடுத்து, மருந்தை அங்கே வைக்க வச்சிருக்காங்க.

சட்டமும் மாறியிருக்கு. 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயற்சி செஞ்சவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. 2022 அக்டோபர் 10-ம் தேதி மத்திய அரசு 'டெலி மானஸ்' தொடங்குச்சு. எண் 14416. காசு கிடையாது, ராப்பகலா எடுக்கறாங்க, தமிழ்லயே பேசலாம். சிநேகா எண் 044-24640050. எடுக்கலைன்னா விட்டுடாதீங்க, மறுபடி அடிங்க.

எங்க தெருவுல பல பெண்களுக்கு இன்னும் தனி போன் கிடையாது. இருக்கிற போனையும் வீட்ல எல்லாரும் எடுத்துப் பார்ப்பாங்க. அதனால என் போன்ல அந்த நம்பர் 'மோட்டார் மெக்கானிக்'ங்கிற பேர்ல இருக்கு. அது யாருன்னு வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். இப்ப உங்களுக்கும்.