பள்ளம் தந்த பதக்கம்

அமெரிக்காவின் அரிசோனா பாலையில், ஏறத்தாழ 1,200 மீட்டர் அகலப் பெரும்பள்ளம் ஒன்று வாய்பிளந்து கிடக்கிறது. 1891-இல் அதனை ஆராய்ந்த அறிஞர் கில்பர்ட், நிலத்தடி நீராவி வெடித்ததன் விளைவென்றார். புகழ்பெற்றவர் கூற்றன்றோ! பலரும் ஏற்றனர்.

பாரிங்கர் ஏற்கவில்லை. விண்கல் வீழ்ந்த வடு என்றார். 1903 முதல் தோண்டினார், செல்வம் கரைந்தது, அவர் தேடிய இரும்புக் குவியல் கிட்டவில்லை. 1929-இல் மறைந்தார்.

1960-இல் அப்பள்ளத்துப் பாறையிலே கோயசைட் எனும் கனிமம் இருப்பதை ஷூமேக்கரும் தோழர்களும் மெய்ப்பித்தனர். நீராவி வெடிப்பு அளிக்கவியலாத பேரழுத்தத்தில் பிறப்பது அது. ஐயம் அகன்றது.

விண்கல் ஆய்வுக் கழகம் 1984-இல் பாரிங்கர் பெயரால் முதற் பதக்கம் வழங்கிற்று. பெற்றவர் ஷூமேக்கர்!

இரும்பைப் பற்றிய பாரிங்கரின் எண்ணம் பிழை. பள்ளத்தைப் பற்றிய எண்ணம் மெய். இரண்டையும் பிரித்துக் காட்டியது எவருடைய பெருமையுமன்று, தோழர்களே, சான்று!