காடு திருத்திய கதை

மலாயாக் காட்டை அழித்து ரப்பர்த் தோட்டம் ஆக்கியவன் தமிழனே என்று நம் மேடைகளில் முழங்காதவர் அரியர். பெருமிதம் குற்றமன்று, எனினும் வரலாறு அதனினும் சற்றுச் சிக்கலானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது, கன்னிக்காட்டை வெட்டி வீழ்த்தும் பணி பல இடங்களில் மலாய்க்காரர், சாவகர், சீனர் ஆகியோரின் குத்தகைக் குழுக்களிடமே விடப்பட்டது. எரிந்து தணிந்த நிலத்தில் குழி தோண்டி, கன்று நட்டு, களையெடுத்து, பால் வெட்டி அதனைத் தோட்டமாக்கியவர்களே நம்மவர். இவ்வுண்மையை மாணவர்க்கு எடுத்துரைப்பதால் நம் பங்கு சிறுத்துவிடாது.

அக்காலக் கோடரிக்காரரின் மரவறிவு வியக்கத்தக்கது. பெருமரங்களின் அடியில் பலகைபோல் வேர்கள் விரிந்திருக்குமாதலால், அவற்றுக்கு மேலே பரண் கட்டி நின்று வெட்டினர். மலைச்சரிவுகளில் கீழுள்ள மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு, மேட்டிலுள்ள பெருமரம் ஒன்றை முழுதும் வெட்டிச் சாய்ப்பர். அது விழும் வேகத்தில் கீழுள்ளவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, மலைப்பக்கம் முழுவதும் இடியோசையுடன் வீழும். மேலே பின்னிக் கிடக்கும் கொடியொன்று மரத்தை எதிர்பாராத திசைக்கு இழுத்துவிட்டால், அடியில் நிற்பவனுக்கு ஓட நேரமிராது. வெட்டிய காடு சில வாரம் காய்ந்தபின் நெருப்பிடப்பட்டது.

தோட்டப்புறத்தில் புல்டோசர் பரவலாகக் கால் ஊன்றியது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரேயாம். 1952ஆம் ஆண்டின் மறுநடவு நிதிச் சட்டத்தையடுத்து, முதிர்ந்த பால்மரங்களை அகற்றும் வேலை விரைவுற்றது. நஞ்சிட்டு மரத்தை நின்றபடியே சாகவிடும் வழக்கமும் இருந்தது. ஆனால் மண்ணுள் எஞ்சிய வேர்களில் தங்கும் வெள்ளை வேர்நோய்ப் பூஞ்சணம் இளங்கன்றுகளையும் தாக்கிற்று. ஆகவே மரத்தை வேரோடு தள்ளிச் சாய்க்கும் இயந்திரம் தேவையாயிற்று. செலவுக் கணக்கும் இதற்குத் துணைநின்றது என்பதை மறுக்கவியலாது.

இயந்திரம் வந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவோர் ஒருமுறை அதனருகே நின்று பார்க்கவேண்டும். தண்டின் உயரத்தில் தள்ளினால் நெம்புவலு மிகும். எனினும் உச்சியிலுள்ள பட்டகிளை முறிந்து ஓட்டுநர்மேல் விழக்கூடும். அதனாலேயே இருக்கைக்குமேல் எஃகுக் கூண்டு அமைக்கப்படுகிறது. மரம் சாய்கையில் பெயர்ந்தெழும் வேர்த்திரள், நெருங்கி நிற்கும் இயந்திரத்தையே தூக்கிக் கவிழ்க்கவல்லது. ஆதலின் மரம் சாயத் தொடங்கியதும் பின்வாங்குதல் வேண்டும். சுற்றியிருப்போர் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்கேனும் விலகுதல் நன்று. கொடிகளை முன்கூட்டியே அறுப்பதும், செங்குத்தான சரிவில் குறுக்காக ஓட்டாமையும் இன்றியமையாதவை. கோடரிக்காரன் அறிந்திருந்த மரத்தின் சாய்வும் கிளையின் பாரமும் ஓட்டுநருக்கும் தெரிந்தாக வேண்டும். இருக்கையில் அமர்ந்தும் அவர் அண்ணாந்து நோக்கியே ஆகவேண்டும்.

1994இல் இயற்றப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேளாண்மையையும் காட்டுத்தொழிலையும் தன் வரம்புக்குள் கொணர்ந்தது. தள்ளிய மரங்களை எரிக்கும் வழக்கமும் 1980களின் இறுதியிலிருந்து குறைந்து வந்தது. செம்பனைத் தோட்டங்களில் இப்போது தண்டுகளை இயந்திரத்தால் சீவி, வரிசைகளுக்கிடையே மட்கவிடுகின்றனர். முன்பு விறகாய்ப்போன பால்மரமோ அறுவை ஆலைகளுக்குச் சென்று மேசை நாற்காலிகளாகிறது.